பழைய டியூப் டிவியைக் கழற்றும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்இடி டிவி வந்து இத்தனை வருஷம் ஆகியும், மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது பழைய டியூப் டிவியைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். சிலரிடம் இருப்பது 2006-ல் தொடங்கிய அரசு இலவசத் திட்டத்தில் வந்த 14 இன்ச் கலர் செட். சிலரிடம் அப்பா தவணையில் வாங்கிய சாலிடேரோ டயனோராவோ இருக்கிறது, தூக்கிப் போட மனசு வரவில்லை. பழைய வீடியோ கேம் டியூபில்தான் நன்றாக இருக்கும் என்று 21 இன்ச் செட்டைத் தேடிப்பிடித்து வாங்கும் பையன்களும் உண்டு. எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். சர்வீஸ் டேபிளில் இருபத்தைந்து வருஷம் உட்கார்ந்தவன் என்ற முறையில் அவற்றை, கேட்டது கேட்டபடியே, இங்கே எழுதி வைக்கிறேன்.

சுவிட்சை ஆஃப் பண்ணி பிளக்கையும் உருவிட்டேன். அப்புறமும் ஷாக் அடிக்குமா?

அடிக்கும். மிக்ஸி, ஃபேன் மாதிரி இல்லை இது. டியூப் டிவிக்குள் கரன்ட்டைத் தேக்கி வைக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, பவர் சப்ளையில் கட்டைவிரல் பருமனில் நிற்கும் பெரிய ஃபில்டர் கண்டென்சர். வீட்டு 230 வோல்ட் ஏசி, டிசி ஆக மாறி அதில் 320 வோல்ட் வாக்கில் நிற்கும். இரண்டாவது, பிக்சர் டியூபே. கருப்பு வெள்ளையில் பத்துப் பதினைந்தாயிரம் வோல்ட், 21 இன்ச் கலரில் 25,000 வோல்ட் வரை அதன் கண்ணாடிக்கு உள்ளே போகிறது. உள்ளே ஒரு பூச்சு, வெளியே ஒரு கருப்பு கிராஃபைட் பூச்சு, நடுவில் கண்ணாடி. ஒரு கண்டென்சருக்கு வேறென்ன வேண்டும்?

டியூப்தான் ஆளைக் கொல்லும்னு எல்லாரும் சொல்றாங்களே?

25,000 என்ற எண்ணைக் கேட்டால் யாருக்கும் அதுதான் பயம். கணக்குப் போட்டுப் பார்த்தால் கதை வேறு. டியூபின் கொள்ளளவு 2 நானோ ஃபாரட் என்று வைத்தால், 25,000 வோல்ட்டில் அதில் நிற்கும் ஆற்றல் சுமார் 0.6 ஜூல். 220 மைக்ரோ ஃபாரட் ஃபில்டர் கண்டென்சரில் 320 வோல்ட்டில் நிற்பது 11 ஜூலுக்கு மேல். எல்லோரும் டியூபைப் பார்த்து நடுங்கிவிட்டு, கண்டென்சர் பக்கம் கையை அசால்ட்டாக வைக்கிறார்கள். நான் பார்த்த மோசமான ஷாக்குகள் எல்லாம் அந்தப் பக்கம்தான்.

அதற்காக டியூபை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இதயக் கோளாறு உள்ளவருக்கும் பேஸ்மேக்கர் வைத்தவருக்கும் அந்த 0.6 ஜூலே ஆபத்து. மற்றவர்களையும் அது உதறி எறியும். தொழிலுக்கு வந்த முதல் வருஷம் எனக்குத் தோள்வரை வெட்டி இழுத்தது. ஷாக்கால் ஒன்றும் ஆகவில்லை. பின்னால் பறந்த கை, சூட்டை இறக்கும் ஹீட்சிங்க் தகட்டின் விளிம்பில் பட்டு, மணிக்கட்டுக்குக் கீழே நான்கு தையல்.

ஒரு நாள் சும்மா போட்டு வச்சா சார்ஜ் தானா இறங்கிடாதா?

ஓடிக்கொண்டிருந்த செட் என்றால் பெரும்பாலும் இறங்கிவிடும். பவர் சப்ளை வேலை செய்துகொண்டே நிற்கும்போது ஃபில்டர் கண்டென்சரில் இருப்பதைச் சில நொடிகளில் அதுவே குடித்துவிடும். பிந்தைய கலர் செட் பலவற்றில், டியூபுக்குப் போகும் உயர் வோல்ட்டை (ஈஎச்டி) உண்டாக்கும் ஈஎச்டி டிரான்ஸ்ஃபார்மருக்குள்ளேயே (எல்ஓடி என்று சொல்வதும் அதைத்தான்) டியூபின் சார்ஜை மெல்ல வடிக்கும் ரெசிஸ்டர் உண்டு. பழைய கருப்பு வெள்ளை செட்டுகளில் அது கிடையாது. நாள்கணக்கில் பிடித்து வைத்திருக்கும்.

ஆனால் உங்களிடம் வருவது ஓடும் செட் இல்லையே, டெட் செட்தானே. அங்கேதான் வினை. பவர் சப்ளை ஓடவில்லை என்றால் கண்டென்சரில் உள்ளதை இழுக்க ஆளே இல்லை. ஒருமுறை முந்தின நாள் இரவு பிளக்கை உருவிய செட்டை மறுநாள் காலை பத்து மணிக்குத் திறந்து மீட்டர் வைத்தேன். 210 வோல்ட். பவர் சப்ளையைக் கிளப்பிவிடும் ஸ்டார்ட்டிங் ரெசிஸ்டர் உள்ளே அறுந்து ஓபன் ஆகியிருந்தது. செட் ஓடாததற்குக் காரணமும் அதுதான், சார்ஜ் இறங்காததற்குக் காரணமும் அதுதான். “டிவி செத்துப்போச்சு, அதுல என்ன கரன்ட் இருக்கப் போகுது” என்பவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன். உயிரோடு இருக்கும் செட்டைவிட செத்த செட்டுதான் கடிக்கும்.

என்னென்ன சாமான் எடுத்து வைக்கணும்?

ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், நீளமான தட்டை ஸ்க்ரூடிரைவர் ஒன்று (பிடியில் விரிசல் இருக்கக் கூடாது), இரு முனையிலும் முதலைக் கிளிப் உள்ள தடித்த வயர், ஹோல்டரோடு 60 வாட் குண்டு பல்பு, 1000 வோல்ட் டிசி ரேஞ்ச் உள்ள மல்டிமீட்டர், பெயின்ட் பிரஷ், டார்ச், பழைய போர்வை. காலுக்கு ரப்பர் செருப்பு. மோதிரம், வாட்ச், கைக்காப்பு, கழுத்துச் செயின் எல்லாவற்றையும் கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். செயின் குனியும்போது தொங்கும் இடம் சரியாக டியூப் கழுத்து இருக்கும் இடம்.

வீட்டில் இன்னொருவர் இருக்க வேண்டும். மெயின் சுவிட்ச் எங்கே என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளும் பூனையும் அந்த அறைக்குள் வேண்டாம்.

பின் மூடி வரவே மாட்டேங்குது. ஸ்க்ரூ எல்லாம் எடுத்தாச்சு, என்ன பண்ண?

எல்லாம் எடுத்திருக்க மாட்டீர்கள். நான்கு மூலையில் உள்ளவை கண்ணுக்குத் தெரியும். ஏவி ஜாக் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ, மூடியின் அடிவிளிம்பில் ஒரு கிளிப், மெயின் வயரைப் பிடித்திருக்கும் பூட்டு, இந்த மூன்றில் ஒன்று மிச்சம் இருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். நெம்பாதீர்கள்.

மூடியை நேராகப் பின்னால் இழுங்கள், சாய்க்காதீர்கள். மூடியின் உட்புறத்துக்கும் டியூபின் கழுத்துக்கும் நடுவே விரல் நுழையும் இடம்தான் இருக்கும். சில செட்டில் ஸ்பீக்கர் வயரோ ஆன்டெனா வயரோ மூடியோடே வரும். பாதி இழுத்ததும் நிறுத்தி உள்ளே எட்டிப் பாருங்கள். அப்புறம் கை வைக்கும் முன்னே போனில் நான்கு கோணத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். எந்தக் கனெக்டர் எங்கே இருந்தது என்ற சந்தேகம் கட்டாயம் வரும்.

ஃபில்டர் கண்டென்சரை ஸ்க்ரூடிரைவரால ஷார்ட் பண்ணிடலாமா? எங்க மெக்கானிக் அப்படித்தான் பண்றார்.

நானும் பண்ணியிருக்கிறேன். ஸ்க்ரூடிரைவர் நுனி உருகும், போர்டு டிராக் பிய்யும், ஈயத் துளி கண்ணுக்குத் தெறிக்கும். பல்பு இருக்கும்போது அந்த வீரம் எதற்கு? 60 வாட் பல்பு ஹோல்டரின் இரண்டு வயரையும் போர்டின் அடியில் கண்டென்சரின் இரண்டு கால்களில் வையுங்கள். வயர் நுனியில் ஊசி அளவு செம்பு மட்டும் வெளியே தெரிந்தால் போதும். சார்ஜ் இருந்தால் பல்பு பளிச்சென்று மின்னி அணையும்.

பல்பு எரியவில்லை என்றால் சார்ஜ் இல்லை என்று அர்த்தம் இல்லை. கொஞ்ச வோல்ட்டில் இழை சிவக்கவே சிவக்காது, வயர் சரியாகப் படாமலும் இருந்திருக்கலாம். மீட்டர் வைத்துப் பத்து வோல்ட்டுக்குக் கீழே காட்டினால்தான் கையை வைக்க வேண்டும்.

டியூபை டிஸ்சார்ஜ் பண்றது எப்படின்னு ஒவ்வொரு படியா சொல்லுங்க.

பிளக் வெளியே, உங்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் கிடக்க வேண்டும். சுவிட்ச் ஆஃப் என்பது போதாது. செட்டை நிறுத்தி அரை மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். டியூபின் பின்புறத்தில், கருப்புப் பூச்சின் மேல் ஸ்பிரிங்கோடு குறுக்கே ஓடும் பின்னல் கம்பி ஒன்று இருக்கும். அதுதான் டியூபின் எர்த். முதலைக் கிளிப்பின் ஒரு முனையை அதில் மாட்டுங்கள். போர்டில் தெரியும் ஏதோ ஒரு ஹீட்சிங்கில் மாட்டாதீர்கள். அப்படிச் செய்தால் 25,000 வோல்ட் போர்டு வழியாகப் பாய்ந்து, நன்றாக இருக்கும் ஐசியையும் எரித்துவிடும். மறுமுனையைத் தட்டை ஸ்க்ரூடிரைவரின் இரும்புத் தண்டில் மாட்டுங்கள். இரண்டு கிளிப்பையும் இழுத்துப் பார்த்து உறுதி செய்யுங்கள். நடுவில் கிளிப் கழன்றால் அந்த மின்சாரத்துக்கு அடுத்த வழி நீங்கள்தான்.

இப்போது இடது கை முதுகுக்குப் பின்னால். இது சம்பிரதாயம் இல்லை. ஒரு கையில் நுழைந்து மறுகையில் வெளியேறினால் மின்சாரம் நெஞ்சைக் கடந்துதான் போகும். டியூபின் மேல் பக்கம் ஒரு தடித்த சிவப்பு வயர் வந்து ரப்பர் தொப்பியில் முடியும். வலது கையில் ஸ்க்ரூடிரைவரின் பிடியை மட்டும் பிடித்து, நுனியைக் கண்ணாடியை ஒட்டியபடி தொப்பியின் விளிம்புக்கு அடியில் நுழைத்து நகர்த்துங்கள். தொப்பியின் நடுவே உள்ள உலோகக் கொக்கியில் நுனி படும்போது ‘டப்’ என்று கேட்கும், பொறி தெரியும். பயந்து கையை உதறாமல் இரண்டு மூன்று நொடி அங்கேயே வைத்திருங்கள். கண்ணாடியை நெம்ப வேண்டாம், சுரண்டவும் வேண்டாம்.

ஒரு தடவை ‘டப்’னு கேட்டுச்சு. இனி கையால தொடலாமா?

இன்னும் இல்லை. டியூபின் கண்ணாடி மின்சாரத்தைக் கொஞ்சம் உறிஞ்சி வைத்திருக்கும். வெளியே வடித்ததும் அதிலிருந்து மெல்லத் திரும்ப ஊறி வரும், கிணற்றை இறைத்த பிறகு ஊற்று வருவது மாதிரி. பத்து நிமிஷம் விட்டு இன்னொரு முறை, இன்னும் பத்து நிமிஷம் விட்டு மூன்றாவது முறை செய்யுங்கள். இரண்டாம் முறையும் சின்னதாக ‘டிக்’ கேட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். தொப்பியைக் கழற்றியாயிற்று என்றால் கண்ணாடியில் உள்ள குழிக்கும் பின்னல் கம்பிக்கும் இடையே கிளிப் வயரைப் போட்டே வைத்துவிடுங்கள். மாட்டும்போது எடுக்க மறக்கக் கூடாது.

சத்தமே வரல. டியூபில சார்ஜ் இல்லைன்னு எடுத்துக்கலாமா?

பிந்தைய கலர் செட்டில் சத்தம் வராமலே போகலாம். மேலே சொன்ன ரெசிஸ்டர் ஏற்கெனவே வடித்திருக்கும். நுனி கொக்கியில் படாமல் ரப்பரையே தடவிக்கொண்டிருந்தாலும் சத்தம் வராது. எனவே உலோகத்தில் இடிக்கும் உணர்வு கைக்குத் தெரியும்வரை தேடுங்கள். மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். 1000 வோல்ட் மீட்டர் 25,000-ஐத் தாங்காது, மீட்டரும் போகும், பிடித்திருப்பவருக்கும் அடிக்கும்.

உள்ளே ஒரே தூசி, செத்த பல்லி வேற கிடக்கு. எதை வச்சு சுத்தம் பண்ண?

உயர் வோல்ட் தூசியைக் காந்தம் மாதிரி இழுக்கும், அதனால்தான் இவ்வளவு. செட்டை மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ கொண்டுபோய், முகத்தில் மாஸ்க் கட்டி, பெயின்ட் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தட்டுங்கள். ஈரத்துணி வேண்டாம். ரப்பர் தொப்பியைச் சுற்றி உள்ள கண்ணாடியை மட்டும் உலர்ந்த துணியால் பளபளவென்று துடையுங்கள். ஆனால் கருப்புப் பூச்சைத் தேய்க்காதீர்கள், அது அழுக்கு இல்லை.

பல்லி பெரும்பாலும் பவர் சப்ளையில் கதகதப்பாக இருக்கும் இடத்தில், இரண்டு ஈயப் புள்ளிக்கு நடுவே ஒட்டிக் காய்ந்திருக்கும். அதை எடுத்த பிறகு போர்டில் கருகிய கறை இருந்தால் சுரண்டி எடுங்கள். கரி மின்சாரம் கடத்தும். மறுபடி ஃபியூஸ் போகும்.

டியூப் வெடிக்குமா?

உள்ளே வெற்றிடம் என்பதால் வெளியே சிதறாது, முதலில் உள்ளே இடியும். இடிந்த வேகத்தில் துண்டுகள் எதிர்ப்பக்கம் பாயும். திரையைச் சுற்றி இறுக்கியிருக்கும் இரும்புப் பட்டை அதைத் தடுக்கத்தான் இருக்கிறது, அதைத் தளர்த்தக் கூடாது. டியூபின் பலவீனமான இடம் மெல்லிய கழுத்து. பெரும்பாலும் அது உடைந்தால் ‘உஸ்’ என்று காற்று நுழைந்து டியூப் வீணாகும், அவ்வளவுதான். ஆனால் கீறல் விழுந்த டியூபை நம்ப முடியாது.

தூக்கும்போது திரை உங்கள் நெஞ்சைப் பார்த்து இருக்கட்டும், கைகள் திரையின் கீழ் மூலைகளில். கழுத்தைக் கைப்பிடியாக்காதீர்கள். கீழே வைத்தால் போர்வை விரித்து, திரை கீழே இருக்கும்படி. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

கழுத்தில இருக்கிற யோக்கையும் கழட்டி சுத்தம் பண்ணலாம்ல?

வேண்டாம். யோக் என்பது கழுத்தைச் சுற்றியுள்ள, கதிரை வளைக்கும் செம்புச் சுருள். அதற்குப் பின்னால் உள்ள வளையங்களும், கண்ணாடிக்கும் யோக்குக்கும் நடுவே செருகிய ரப்பர் ஆப்புகளும் ஃபேக்டரியில் ஒவ்வொரு டியூபுக்கும் தனித்தனியாகச் சரிசெய்து பெயின்ட் வைத்து ஒட்டியவை. இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தால் எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் தனித்தனியாகத் தெரியும். அப்புறம் அதைச் சரிசெய்ய எங்களுக்கே அரை நாள் ஆகும். கழுத்தின் முனையில் உள்ள பேஸ் போர்டை மட்டும் தேவைப்பட்டால் நேராகப் பின்னால் இழுத்து எடுக்கலாம். ஆட்டி ஆட்டி இழுத்தால் கழுத்து முறியும்.

மூடியைத் திறந்து வச்சே டிவியை ஓட்டிப் பார்க்கலாமா?

பழகாதவர் வேண்டாம் என்பதுதான் என் பதில். நாங்கள் ஓட்டும்போது ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொள்வோம், திரையைப் பார்க்க எதிரே முகக்கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைப்போம். எட்டிப் பார்க்கிறேன் என்று செட்டின் மேல் சாய்ந்ததில் அடி வாங்கியவர்கள் நிறைய.

ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால், பின்னல் கம்பியின் எர்த் வயர் பேஸ் போர்டில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் ஓட்டினால் டியூப் பூச்சு முழுவதும் சார்ஜ் ஏறி, கண்ட இடத்தில் பாயும். யோக் கனெக்டரும் மாட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிமிஷத்தில் திரையில் ஓட்டை மாதிரி ஒரு தழும்பு விழலாம்.

சீரிஸ் பல்பு போட்டா ஷாக் அடிக்காதுதானே? எங்க வீட்ல ஈஎல்சிபி வேற இருக்கு.

இரண்டும் நல்லவை, இரண்டும் நீங்கள் நினைக்கும் வேலைக்கு இல்லை. சீரிஸ் பல்பு, அதாவது செட்டுக்குப் போகும் ஒரு வயரின் நடுவே மாட்டும் பல்பு, செட்டில் ஷார்ட் இருந்தால் ஃபியூஸையும் டிரான்சிஸ்டரையும் காப்பாற்றும், உங்களைக் காப்பாற்றாது. ஒரு மனிதனுக்கு ஆபத்து விளைவிக்கும் கரன்ட் 100 வாட் பல்பு வழியே தாராளமாக வரும். இன்னொன்று, சீரிஸில் போடும்போது டிகாசிங் காயில் (ஆன் பண்ணியதும் திரையில் ஏறிய காந்தத்தை நீக்கும் சுருள்) கனெக்டரை உருவிவிடுங்கள். இல்லையென்றால் அது தொடக்கத்தில் இழுக்கும் கரன்ட்டில் பல்பு முழுசாக எரிந்து, நல்ல செட்டையும் ஷார்ட் என்று நினைக்க வைக்கும்.

ஈஎல்சிபி, அதாவது கசிவு கண்டால் மெயினை வெட்டும் சுவிட்ச், உங்கள் உடல் வழியே தரைக்குப் போகும் கரன்ட்டைத்தான் பார்க்கும். கண்டென்சரின் இரண்டு காலையும் இரண்டு கையால் தொட்டால் அதற்கு எதுவும் தெரியாது. பிளக்கையே உருவிய பிறகு அதற்கு என்ன வேலை? செட்டை லைனிலிருந்து பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் தரையோடு வரும் ஷாக் குறையும், அங்கேயும் இரண்டு கையால் தொடக் கூடாது என்ற விதி அப்படியேதான்.

கேபிள் ஜாக்கைத் தொட்டா சுர்ருங்குது. செட்டுல லீக்கேஜா?

லேசான சுர் என்றால், பவர் சப்ளையின் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் சேஃப்டி கண்டென்சர் வழியே வரும் கசிவாக இருக்கலாம். கேபிள் வயரே பக்கத்து வீட்டிலிருந்து மின்சாரத்தைக் கொண்டுவருவதும் உண்டு. கேபிளை உருவி, அதன் நுனியில் தனியாக டெஸ்டர் வைத்துப் பாருங்கள். பலமாக அடித்தால் செட்டை ஓட்டாதீர்கள்.

போர்டைப் புரட்டிப் பார்த்தால் கலர் செட்டுகளில் ஒரு கோடு ஓடும். ஒரு பக்கம் நேராக லைனோடு தொடர்புள்ளது, மறுபக்கம் பிரிக்கப்பட்டது. பழைய கருப்பு வெள்ளையில் பலவற்றுக்கு இந்தக் கோடே கிடையாது, முழு சேசிஸும் லைனில்தான் நிற்கும். பவர் சப்ளை பக்க ஹீட்சிங்கும் அந்தக் கணக்குதான், தகடுதானே என்று தொடாதீர்கள்.

படம் சின்னதா வருது. போர்டில ஒரு பிரீசெட் இருக்கு, திருப்பினா பெருசாகுது. விட்டுடலாமா?

திருப்பிய இடத்திலிருந்து திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். அது பி பிளஸ் பிரீசெட், செட்டின் முக்கிய டிசி வோல்ட்டை ஏற்றி இறக்கும் திருகு. அதை ஏற்றினால் ஈஎச்டியும் ஏறும். ஈஎச்டி அளவுக்கு மேல் போனால் டியூபிலிருந்து எக்ஸ்ரே கூடும். அளவோடு இருக்கும்வரை கண்ணாடியே அதைத் தடுத்துவிடுகிறது. எல்ஓடியை இயக்கும் அவுட்புட் டிரான்சிஸ்டரை ஒட்டியுள்ள 1600 வோல்ட் சின்னக் கண்டென்சரும் அப்படித்தான். அதற்குப் பதில் குறைந்த மதிப்பில் போட்டாலோ அது ஓபன் ஆனாலோ ஈஎச்டி எகிறும். போர்டில் முக்கோணக் குறி போட்ட எந்த உதிரியையும் அதே மதிப்பு, அதே வோல்ட், அதே ரகத்தில்தான் மாற்ற வேண்டும். ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி சுற்றுபவர்களிடம் நான் பேசுவதில்லை.

எல்லாம் மாட்டின பிறகு ‘உஸ்’னு சத்தம், ஒரு மாதிரி வாடை வருது.

உடனே நிறுத்துங்கள். ரப்பர் தொப்பியின் கொக்கியில் இரண்டு கால்கள் உண்டு. ஒன்று மட்டும் குழிக்குள் மாட்டியிருந்தாலோ, தொப்பிக்கு அடியில் ஈரமோ அழுக்கோ இருந்தாலோ இப்படித்தான் கசியும். கடலோர ஊர்களில் ஐப்பசி கார்த்திகையில் வரும் செட்டுகளில் இது சகஜம். மறுபடி முதலிலிருந்து, மூன்று முறை டிஸ்சார்ஜ் செய்து, துடைத்துக் காயவைத்து மாட்டுங்கள். எல்ஓடி உடம்பிலேயே வெடிப்பு இருந்து அங்கிருந்து பொறி பறந்தால் எம்சீல் பூசி ஒப்பேற்றாதீர்கள். அது மாற்ற வேண்டியது.

யாருக்காவது ஷாக் அடிச்சிட்டா?

ஆளைத் தொடாமல் முதலில் மெயினை அணையுங்கள். மூச்சு இல்லை என்றால் 108-க்கு அழைத்துவிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள், வண்டி வரும்வரை நிறுத்த வேண்டாம். எழுந்து உட்கார்ந்து “ஒன்னும் இல்லை” என்று சொன்னாலும், கண்டென்சர் பக்க ஷாக் என்றால் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

எதை நானே பண்ணலாம், எதை விட்டுடணும்?

இரண்டு டிஸ்சார்ஜும் ஒழுங்காகச் செய்தவர் தூசி தட்டலாம், ஃபியூஸ் மாற்றலாம், டிரை சோல்டர் (ஈயம் விட்டுப்போன இணைப்பு) பார்க்கலாம். எல்ஓடி கால்கள், யோக் கனெக்டர், அவுட்புட் டிரான்சிஸ்டர் கால்கள் ஆகியவற்றைச் சுற்றி மயிரிழை போல வட்டக் கீறல் தெரிந்தால் ஈயத்தை உருக்கிப் புதிதாக வையுங்கள். தட்டினால் படம் வரும் செட்டுகளில் பாதிக்கு மேல் இதுதான். உப்பிய கண்டென்சரையும் துருவம் பார்த்து மாற்றலாம். படம் நடுவே ஒற்றைக் கோடாக நின்றால் வெர்டிகல் ஐசி பக்கம் பார்க்க வேண்டும், அதுவும் சோல்டரிங் பழகியவருக்குக் கைக்கு எட்டியதுதான். பவர் சப்ளை அடிக்கடி போவது, எல்ஓடி மாற்றுவது, டியூப் மாற்றுவது மூன்றையும் தொழில்காரரிடம் விடுங்கள்.

இனி தேறாதுன்னு சொல்லிட்டாங்க. காயலான் கடைக்குப் போட்டுடலாமா?

அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்திருக்கிறேன். யோக்கில் உள்ள செம்புக்காகக் கழுத்தில் சுத்தியலால் ஒரு போடு. டியூபின் கூம்புக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது, திரையின் உட்புறத்தில் பாஸ்பர் தூள். உடைந்தால் இரண்டும் மண்ணுக்கும் அந்தக் கடைப் பையனின் மூச்சுக்கும்தான் போகும். மின்கழிவு விதிகளின் கீழ் டிவியும் வருகிறது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மறுசுழற்சி நிறுவனத்தில் கொடுங்கள், டியூபை உடைக்காமல் முழுசாக. எல்ஓடி, டியூனர், ரிமோட், ஏவி போர்டு நன்றாக இருந்தால் அதற்கு முன்பே பக்கத்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அந்த உதிரிகள் இப்போது புதிதாகக் கிடைப்பதில்லை, எடுத்துக்கொள்வார்.